டார்ச் அக்காவின் இடது கை

என் தம்பி ஒரு ஏமாந்த சோணகிரி. அவன் முகத்துக்கு நேராகவே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதி வைப்பதில் எனக்கு ஒன்றும் கூச்சமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவன் பெட்டிக்குள் ஒரு ரப்பர் இருந்தால் அது மொத்த வகுப்புக்கும் சொந்தம். யார் கேட்டாலும் எடுத்து நீட்டுவான். ஒருத்தனும் திருப்பித் தரமாட்டான். மறுநாள் காலையில் புது ரப்பர் கேட்டு அம்மா பின்னாலேயே அலைவான். அப்படித்தான் அவனுக்கு ‘ரப்பர்’ என்ற பெயர் விழுந்தது. தலை பாதி நரைத்துவிட்டது, இன்னும் தெருவில் ரப்பர் என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

நான் அவனுக்கு நேர் எதிர். சட்டை தைக்கிற ஆலையில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். தைத்து முடித்த சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே தையல் பிசகியிருக்கிறது என்று துருவுவதுதான் பிழைப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். கடைக்காரர் சிரித்தால் எடையைப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரி வலிய வந்து நலம் விசாரித்தால் என்ன கேட்கப் போகிறாள் என்று காத்திருப்பேன். என்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வந்த ரெண்டு பேரும் நான் கேட்ட கேள்விகளில் வாசலோடு திரும்பிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று, ஒருத்தனுக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது.

தம்பி படம் வரைவான். வேறு எதுவும் அவனுக்கு வராது. ஒரு மோட்டார் ரிப்பேர் கடைக்கு மேலே காமிக்ஸ் புத்தகம் போடுகிற கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தான். முதலாளியை எல்லாரும் பெரியவர் என்பார்கள். வெண்ணெய் மாதிரிப் பேசுவார். ‘தம்பி, நீ என் வீட்டுப் பிள்ளை’ என்பார். வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறவர்கள் நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்களா என்று ஒருநாள் கேட்டேன். “அவங்க ஆபீஸ்ல நாற்காலி கம்மிக்கா” என்றான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒரு சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. சமையலறையில் ஏதோ உருண்டது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, சுவரோரமாகவே போய்ப் பார்த்தேன். ஒரு பூனை. சரி, பூனைதானே என்று விடுவேனா? ஜன்னல் சாத்தியிருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, இது எப்படி உள்ளே வந்தது? “எனக்கென்னமோ இது சரியாப் படல” என்று சொல்லி, டார்ச்சை அதன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு விசாரித்தேன். ரப்பர் வாசற்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கே அதை வரைந்துவிட்டான். வலது கையில் டார்ச், தோளில் ஒரு பை, சந்தேகப் பார்வை. வலது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பும் என்னுடையதுதான். சின்ன வயதில் இவன் வீசிய ஸ்கேல் பட்டு வந்தது.

டார்ச் அக்கா பிறந்த கதை இதுதான். ஊரில் எங்கே என்ன நடந்தாலும் முதலில் மூக்கில் வியர்க்கிற ஒரு பெண். போலீஸ் இல்லை, துப்பறியும் நிபுணர் இல்லை. சும்மா ஒரு வீட்டு அக்கா. யாரையும் நம்பமாட்டாள். ‘எனக்கென்னமோ இது சரியாப் படல’ என்று அவள் சொன்னால் அடுத்த பக்கத்தில் ஒருத்தன் மாட்டுவான். பெரியவர் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாராம். “உடனே போடுவோம் தம்பி” என்றாராம்.

முதல் புத்தகத்தின் அட்டைக்குத் தம்பி வண்ணத்தில் ஒரு ஓவியம் தீட்டிக் கொடுத்தான். அழகாக வந்திருந்தது, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். அட்டைதான் எப்போதும் முதலில் அச்சாகும். அச்சுக்குப் பிளேட் செய்கிறவன் படத்தின் பிலிமைப் புரட்டிப் போட்டுவிட்டான். புத்தகத்தின் பெயர் தனி பிலிமில் இருந்ததால் எழுத்தெல்லாம் சரியாக வந்தது, படம் மட்டும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக மாறிவிட்டது. அச்சகத்தில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மாதிரி அட்டையைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தான். பார்த்த மறு நிமிடம் நான் கேட்டேன்: “ஏன்டா, என் தழும்பு எப்படா இந்தப் பக்கம் வந்துச்சு?”

அவன் திருதிருவென்று விழித்தான். டார்ச் இடது கையில் இருந்தது, தழும்பு இடது புருவத்தில் இருந்தது, பை தோள் மாறியிருந்தது. ஓடிப்போய்ப் பெரியவரிடம் சொன்னான். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “அட்டை மொத்தமும் அடிச்சாச்சு தம்பி. உள்ள இருக்கற படத்தை மாத்திடு. அவ இடதுகைக்காரியாவே இருந்துட்டுப் போகட்டும்” என்றார். உள்பக்கங்களில் பாதி வரைந்து முடித்திருந்தான். வெள்ளை மை அடித்து, ஒவ்வொரு படத்திலும் டார்ச்சைக் கைமாற்றினான். தழும்பின் மேல் வெள்ளை அடித்த வேலை என்னுடையது. என் முகத்தை நானே அழித்தேன் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டோம்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பாதி அந்த இடது கையைப் பற்றித்தான். இடது கையால் எழுதி வீட்டில் திட்டு வாங்குகிற பிள்ளைகளெல்லாம் டார்ச் அக்காவைத் தங்கள் சொந்தம் என்று கொண்டாடின. பெரியவர் அதைத் தன் சாமர்த்தியம் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்தடுத்து வரைந்து வரைந்து, டார்ச் அக்கா ஒரு காலத்தில் வலதுகைக்காரியாக இருந்ததே தம்பிக்கு மறந்துபோயிற்று. அவன் கை தானாக இடது பக்கம் போய்விடும். எனக்கு எப்படி மறக்கும்? காலையில் தலை சீவும்போதெல்லாம் தழும்பு வலது பக்கம்தானே இருக்கிறது.

புத்தகத்தில் எங்கேயும் தம்பியின் பெயர் இல்லை. முதல் பக்கத்தில் ‘படைப்பு’ என்று போட்டு, அதன் கீழே பெரியவரின் பெயர்தான் இருக்கும். பெரியவருக்கு நேராக ஒரு கோடு போடவே ஸ்கேல் வேண்டும். தம்பியிடம் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் தம்பி எப்படியோ தைரியம் வந்து கேட்டுவிட்டான். அடுத்த புத்தகம் வெளிவந்த அன்று, முகமெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தான். முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். ‘படைப்பும் சித்திரமும்’ என்று போட்டு அவனுடைய முழுப் பெயர். அம்மா அந்தப் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிப் போயிற்று அவளுக்கு. வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினாள்.

எனக்கென்னமோ அது சரியாகப் படவில்லை. அம்மா அந்தப் பக்கம் போனதும் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பெயரைச் சுற்றி மெல்லிய விளிம்பு ஒன்று தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். உரிந்து வந்தது. அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பழையபடி பெரியவரின் பெயர். நேராகக் கடைக்குப் போய் வேறு பிரதிகளைப் புரட்டினேன். ஒன்றிலும் சீட்டு இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த புத்தகத்துக்கு மட்டும் அந்த மரியாதை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. காதில் பூ சுற்றுவது என்றால் இதுதான். தம்பியிடம் காட்டினேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடுத்த தடவை அச்சுலயே போடுவாங்கக்கா” என்றான்.

“வெளிய வந்துடுடா. உனக்கென்ன வேற வேலையா கிடைக்காது?”

“நான் வந்துட்டா அவளை வேற யாராவது வரைவாங்க” என்றான்.

டார்ச் அக்காவின் மூக்கை இன்னொருத்தன் வரைவதை அவனால் தாங்க முடியாது. அது தெரிந்துதான் பெரியவரும் அவன் தலையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். அம்மாவிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை. பசை தடவி அந்தச் சீட்டை நானே மறுபடியும் ஒட்டி வைத்தேன். அம்மா போகும்வரை அந்தப் புத்தகம் அவள் அலமாரியில்தான் இருந்தது.

அம்மாவுக்குப் பிறகு பெரியவரும் போனார். கம்பெனி அவர் மகன் கைக்கு வந்தது. அவரைச் சின்னவர் என்பார்கள். முதல் டார்ச் அக்கா வந்தபோது இவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் விளையாடிக்கொண்டிருந்தவர். இப்போது கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, சுழல் நாற்காலி. தம்பியை ‘அண்ணா’ என்று கூப்பிடுவார். அப்பாவாவது தம்பி என்றார், இவர் அண்ணா என்கிறார், உறவு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறதே என்று நினைத்துக்கொண்டேன். “இந்த ஆளுக்கு ஓசியில ஒரு கோடுகூட இழுத்துக் குடுக்காதே” என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். தலையை ஆட்டினான். அவன் தலை எல்லாவற்றுக்கும் ஆடும்.

ஒருநாள் வேலை முடிந்து ரொம்ப உற்சாகமாக வந்தான். பாட்டு வேறு முணுமுணுத்தான். விரல் நுனியெல்லாம் பென்சில் கறுப்பு. அவன் கம்பெனியில் நேராக மையிலேயே வரைகிறவன், பென்சில் எங்கிருந்து வந்தது?

“என்னடா விசேஷம்?”

“ஒண்ணுமில்லக்கா.”

“கையில என்ன கறுப்பு?”

“கறுப்புதான்.” பதில் சொல்லிவிட்டு நேராகக் குளியலறைக்குள் நுழைந்துகொண்டான். எதையோ மறைக்கிறான் என்று தெரிந்துவிட்டது. மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெரிய சேதி வந்தது. டார்ச் அக்காவைத் தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் படமாக எடுக்க ஒரு நிறுவனம் கேட்கிறது. சேதி தம்பிக்கு யார் மூலமாக வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆபீஸில் டீ கொண்டுவருகிற ஆள் மூலமாக. சின்னவர் வாயே திறக்கவில்லை. ஒப்பந்தத்தில் ‘பாத்திரத்தைப் படைத்தவர்’ என்ற இடத்தில் தன் அப்பாவின் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டார் என்றும், இனிமேல் வரைவதற்கு அந்த நிறுவனத்தின் ஆட்களே இருக்கிறார்கள் என்றும் டீக்காரர் சொன்னாராம். அதாவது டார்ச் அக்கா ஒரேயடியாக அவன் கையை விட்டுப் போகிறாள்.

தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் அந்த நிறுவனத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் போட்டேன். எடுத்தவரிடம், “நீங்க வாங்கப் போறது திருட்டுச் சரக்கு” என்று ஒரே போடாகப் போட்டேன். போன் கை மாறிக் கை மாறிக் கடைசியில் அவர்களுடைய வக்கீலம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. நிதானமான குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ரெண்டு தரப்பும் ஒரே ரூம்ல உக்காந்து பேசிடலாம். அதுவரைக்கும் நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்” என்றார். அந்த அம்மாவையும் நான் நம்பவில்லை. யார் கண்டது, சின்னவருக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம்.

பேச்சு சின்னவருடைய அறையில்தான் நடந்தது. நான் அந்த அறைக்குள் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை. சுழல் நாற்காலியில் சின்னவர். எதிரே வக்கீலம்மா, கையில் பேனா. ஓரத்தில் தம்பியும் நானும். சின்னவர் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் தொடவில்லை.

“அண்ணன் நல்ல ஆர்ட்டிஸ்ட். அதை நான் இல்லேன்னே சொல்லல” என்று ஆரம்பித்தார் சின்னவர். “ஆனா டார்ச் அக்கா எங்கப்பாவோட கற்பனை. அவர் வரைஞ்சு குடுத்தாரு, அண்ணன் அதைப் பார்த்துப் பக்கம் பக்கமாப் போட்டாரு. அவ்ளோதான். சும்மா சொல்லல, ஆதாரம் இருக்கு.”

மேஜை இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு பென்சில் படத்தை எடுத்து வைத்தார். பழுப்பேறிய தாள், மேலே கம்பெனியின் பழைய முத்திரை. அதில் டார்ச் அக்கா. அதே பார்வை, அதே பை, அதே தழும்பு. “முதல் புத்தகம் வர்றதுக்கு முன்னாடி எங்கப்பா கைப்பட வரைஞ்சது” என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முகம் வெளிறிவிட்டது. படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அது அவன் கோடு. எனக்கே தெரிகிறதே, அவனுக்குத் தெரியாதா? ‘நான் வரைஞ்சதுடா அது’ என்று மேஜையைத் தட்ட வேண்டியவன் ஏன் ஊமையாக உட்கார்ந்திருக்கிறான்? பென்சில் கறுப்புப் படிந்த விரல்களும் அன்றைக்கு அவன் முணுமுணுத்த பாட்டும் என் நினைவுக்கு வந்தன. இவனை வாங்கிவிட்டார்கள். என் கூடப்பிறந்தவன் என் முகத்தையே விற்றுவிட்டு வந்திருக்கிறான்.

அவன் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் பார்வையைத் திருப்பினேன். சின்னவரின் தலைக்கு மேலே, சுவரில், தங்க நிறச் சட்டத்துக்குள் ஒரு வண்ண ஓவியம் மாட்டியிருந்தது. முதல் புத்தகத்துக்குத் தம்பி தீட்டிய அட்டை ஓவியம். அச்சடித்தது இல்லை, அவன் கையால் தீட்டிய அசல். எங்கள் வீட்டு மேஜையில் காய வைத்திருந்தபோது கடைசியாகப் பார்த்தது. அறைக்கு அழகாக இருக்கட்டும் என்று சின்னவர் மாட்டியிருப்பார். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறார்.

ஓவியத்தில் டார்ச் வலது கையில் இருந்தது. மேஜையில் கிடந்த பென்சில் படத்தைப் பார்த்தேன். இடது கை. மறுபடி சுவரைப் பார்த்தேன். எனக்குப் பொறி தட்டியது.

“எனக்கென்னமோ இது சரியாப் படல” என்றேன்.

வக்கீலம்மா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தையும், புருவத்துத் தழும்பையும், மேஜையிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “சொல்லுங்கம்மா” என்றார்.

நான் சின்னவரிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டேன். “தம்பி, டார்ச் அக்கா இடதுகைக்காரின்னு முதல்ல யாரு முடிவு பண்ணது?”

“எங்கப்பாதான். இதுல என்ன சந்தேகம்? அதானே அவளோட ஸ்பெஷலே.”

“நடுவுல ஏதும் மாத்தினாங்களா?”

“ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். இந்தப் படத்துலயே பாருங்களேன்.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க. வலது கையில டார்ச் இருந்ததே இல்லையா?”

“அக்கா, ஊர்ல சின்னக் குழந்தையக் கேட்டாக்கூட சொல்லும்.” சின்னவர் வக்கீலம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்ப கொஞ்சம் திரும்பிப் பாருங்க” என்றேன்.

நாற்காலி சுழன்றது. அவர் ஓவியத்தைப் பார்த்தார். அவருக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை, அது எனக்கு அவர் பிடரியிலேயே தெரிந்தது. நான் எழுந்து நின்று, பிலிமைப் புரட்டிப் போட்டது, மாதிரி அட்டை வீட்டுக்கு வந்தது, பெரியவர் சொன்னது, வெள்ளை மை அடித்தது என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். அட்டை அச்சாகிற வரைக்கும் உலகத்தில் ஒருத்தர் மனதிலும் இடதுகை டார்ச் அக்கா கிடையாது. அப்படியிருக்க, அதற்கு முன்னால் பெரியவர் எப்படி இடது கையில் டார்ச்சைக் கொடுத்து வரைந்திருப்பார்?

வக்கீலம்மா தன் பையிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் நைந்த பிரதி, அவருடைய சொந்தப் பிரதியாகத்தான் இருக்க வேண்டும். சுவரோரம் போய் ஓவியத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஆர்ட்டிஸ்ட் அப்பவே தப்பா வரைஞ்சிருப்பாரு” என்றார் சின்னவர். குரலில் பழைய தேன் இல்லை. “எங்கப்பா படத்தைப் பார்த்து வரையும்போது கை மாறிப் போயிருக்கும்.”

“அட்டையில பின்னால இருக்கற விளக்குக் கம்பமும் மாறிப் போச்சா சார்? வாசப்படி, பூனை, நிழல் எல்லாம் சேர்ந்தா தப்பா வரைவாரு?” வக்கீலம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். பென்சில் படத்தைச் சின்னவர் பக்கமே நகர்த்தி வைத்தார். “இதை நான் பார்க்கலைன்னு வச்சுக்கறேன். நீங்களும் இனிமே யார்கிட்டயும் காட்டாதீங்க. இவர் பேரும் இவர் சம்மதமும் இல்லாம எங்க கம்பெனி இதைத் தொடாது. புத்தகத்துலயும் பேரைப் போட்டுடுங்க. படத்தை வரையப் போறவங்களுக்கும் இவர்தான் சொல்லிக் குடுக்கணும்.”

நான் தொடாமல் வைத்திருந்த தண்ணீரை எடுத்துச் சின்னவரே குடித்தார்.

படி இறங்கி வெளியே வந்தோம். தம்பி ஏதோ தூக்கத்திலிருந்து எழுந்தவன் போல நடந்தான். தெருமுனைவரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நடுத்தெருவில் கத்திவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

“அந்தப் படம் உன் கோடுதானே?”

“ஆமாக்கா.”

“எப்படா வரைஞ்ச?”

“நீ கையில கறுப்பு இருக்குன்னு கேட்டியே, அன்னிக்கு.” நடைபாதையோரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “சின்னவர் வந்து, அப்பாவோட பழைய தாள் கட்டு ஒண்ணு கிடைச்சுதுண்ணா, அதுல உங்க கையால டார்ச் அக்காவைப் போட்டுக் குடுங்க, அப்பா ஞாபகமா மாட்டி வச்சுக்கறேன்னாரு. அவரு சொல்லும்போது கண்ணு கலங்கிச்சுக்கா. உன்கிட்ட சொன்னா திட்டுவ. அதான் சொல்லல.”

“சரி, அங்க ரூம்ல சொல்றதுக்கு என்ன? நான்தான் வரைஞ்சேன், போன மாசம்தான் வரைஞ்சேன்னு சொல்ல வாயில்லையா உனக்கு? எல்லாம் கைவிட்டுப் போயிருக்குமேடா!”

“சொல்லத்தான் பார்த்தேன்.” என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தான். “நான் வரைஞ்சு குடுத்தேன்னு சொன்னதும் நீ என்ன நெனைப்பேன்னு தோணிச்சு. நான் விலைபோயிட்டேன்னு நெனைச்சிடுவியோன்னு பயம் வந்துடுச்சு. அவரு ஏமாத்தினது பெரிசாத் தெரியலக்கா. நீ அப்படி ஒரு பார்வை பார்த்துட்டா, அதுக்கப்புறம் நான் எதை வரைஞ்சு என்ன?”

என் பார்வைக்குப் பயந்து, உயிரையே வைத்திருந்த ஒன்றை விட்டுக்கொடுக்க இருந்திருக்கிறான் படுபாவி. அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தேன், அது சரியாகத்தான் இருந்தது.

“நெஜமாச் சொல்லுக்கா. நெனைச்சியா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவனும் நம்பியிருப்பான், அவன் எதைத்தான் நம்பவில்லை. “நெனைச்சேன்டா” என்றேன். “ஒரு அரை நிமிஷம்.”

ரப்பர் என்னை நிமிர்ந்து பார்த்தான். “அரை நிமிஷம்தானா? உன்கிட்ட நான் ஒரு வாரமாவது எதிர்பார்த்தேன்” என்றான். நான் சிரிக்க ஆரம்பித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நடைபாதையில் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்த டார்ச் அக்கா வெளிவந்த அன்று சின்னவர் ஆள் மூலமாக வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் ‘படைப்பும் சித்திரமும்’ என்று போட்டு, கீழே தம்பியின் முழுப் பெயர். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் செருப்பை மாட்டினேன்.

“எங்கக்கா கிளம்பிட்ட?”

“இதோ வரேன்.”

வீட்டுக்கு வந்த புத்தகத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா? பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கிற புத்தகக் கடைக்குப் போனேன். தொங்கிக்கொண்டிருந்த வரிசையிலிருந்து நடுவில் ஒன்றை உருவினேன். முதல் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்து, அந்தப் பெயரின் ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினேன். அம்மாவின் விரல் அன்றைக்கு அந்தச் சீட்டைத் தடவியது நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுரண்டினேன்.

“என்னம்மா பண்றீங்க? புத்தகம் வீணாப் போகுது” என்றார் கடைக்காரர்.

“என் தம்பி பேருப்பா. உரிஞ்சு வருதான்னு பாக்கறேன்” என்றேன்.

வரவில்லை.